மாலைக்கண் காளை

உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் முப்பது தரகர்கள் இருந்தார்கள். சந்தைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி "தவசி வந்திருக்காரா?" என்பதுதான். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பதும், தோலில் சுழி தேடுவதும், நடக்கவிட்டுக் குளம்பு விழுகிற தினுசைப் பார்ப்பதும் எல்லாத் தரகர்களுக்கும் தெரிந்த வித்தைதான். தவசிக்குக் கூடுதலாக வாய்த்தது பேச்சு. எலும்பு தெரிகிற மாட்டைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர் கண்முன்னே அது சதை போடும். விலை மட்டும் அந்தப் பேச்சில் வராது. தோள் துண்டை எடுத்துக் கைமேல் விரித்து, உள்ளே வாங்குகிறவரின் விரல்களைப் பிடித்து அழுத்தியே விலை பேசுவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு முகங்கள்தான் தெரியும். இருபது வருஷமாக அந்த விரல்கள்தான் அவர் வீட்டில் உலை வைத்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் மதுரைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்து இருக்கையில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டை போயிருந்தது. கண்டக்டரிடம் நீட்டினார். "ஒரு வாரமா இங்கனதான் கெடக்கு. யாரும் கேக்கல. நீங்களே வச்சுக்கங்க" என்றார் கண்டக்டர். தவசிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர் பெண்சாதி ரெங்கம்மாள், பாதிரியார் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வகுப்பு படித்தவள். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் வரும்.

"ஏ புள்ள, கதைப் புத்தகம் கிடைச்சிருக்கு. படி, கேப்போம்" என்றார்.

அவள் சுளகில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டு வாங்கி இரண்டு பக்கம் புரட்டினாள்.

"இது கதை இல்லய்யா. ஏவாரம் பண்றது எப்பிடின்னு எழுதியிருக்காக."

"அதப் படிச்சுத் தெரிஞ்சுக்கிறதாக்கும்? எழுதுனவரு எந்தச் சந்தையில மாடு வித்தாராம்?"

"மாட்டப் பத்தி ஒண்ணும் இல்ல. ஜவுளிக்கடை, பலசரக்குக் கடைன்னு போட்டிருக்கு."

"அப்பச் சரி. தூக்கி வையி" என்றார். ஆனால் ஆடிக் காற்றில் மண் பறந்துகொண்டிருந்த காலம் அது. மானாவாரிக் காடுகள் மழைக்குக் காத்துக் கிடந்தன. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. ரெங்கம்மாள் சோளம் புடைக்கிற நேரம் போக வாய்விட்டுப் படித்தாள். தவசி தூங்குகிற மாதிரி படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் செல்லத்தாய் பருத்திக்கொட்டையை ஆட்டுரலில் ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

'வாங்க வந்தவர் தம் தேவையைச் சொல்லி முடிக்கும் வரையில் விற்பவர் வாய் திறக்கலாகாது' என்று ஒரு பக்கத்தில் இருந்தது.

தவசி எழுந்து உட்கார்ந்தார். "வாயத் தெறக்காம எப்பிடிடீ விக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? எழுதியிருக்கு, படிக்கிறேன்."

அடுத்த சந்தையில் கருமாத்தூர்ப் பக்கத்திலிருந்து பயிர் பார்க்கிற சம்சாரி ஒருவர் மாடு கேட்டு வந்தார். வழக்கமாக என்றால் தவசி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சந்தையிலேயே பெரிய காளைக்கு முன்னால் நிறுத்தியிருப்பார். அன்றைக்கு வேண்டுமென்றே வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டார். சம்சாரி கிணற்றைப் பற்றிச் சொன்னார், தண்ணீர் கீழே போய்விட்டதைச் சொன்னார், தம்பி பாகம் பிரிந்ததைச் சொன்னார். கடைசியில் குரலை இறக்கி, "எனக்கு இடுப்பு புடிச்சுக்கிருச்சுண்ணே. இப்பக் கமலை ஓட்டித் தண்ணி இறைக்கிறது எம் பொண்டாட்டிதான்" என்றார்.

தவசி அவரைப் பெரிய காளைப் பக்கமே கூட்டிப்போகவில்லை. ஓரத்தில் நின்றிருந்த, பொம்பளை சொன்னால் கேட்கிற ஒரு சாதுவான மாட்டைக் காட்டினார். வெற்றிலை காரம் தீருவதற்குள் கயிறு கைமாறிவிட்டது. வீட்டுக்கு வந்து, "எழுதுனவரு கொஞ்சம் வெவரமான ஆளுதாம் போல" என்றார்.

அதற்குப் பிறகு அவரே கேட்டுப் படிக்கச் சொன்னார். கேட்டதை வீட்டிலும் பழகிப் பார்த்தார். ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே, "கருவாட்டுக் குழம்பு தெருமுனையிலயே மணந்துச்சு. மொச்சையும் நல்லா வெந்திருக்கு. உப்புத்தான் ஒரு கல்லு கூடிப்போச்சோன்னு..." என்று இழுத்தார்.

"ஒருத்தர் குறையைச் சொல்றதுக்கு முன்னால நிறையைச் சொல்லணும். இருவத்தி மூணாம் பக்கம். நாந்தான படிச்சேன்" என்றாள் ரெங்கம்மாள். செல்லத்தாய்க்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

அப்படிச் சிரித்துக்கொண்டே போன புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது. 'சரக்கில் உள்ள குறையை வாங்குபவர் கண்டறியுமுன் விற்பவரே சொல்லிவிட வேண்டும்.'

"இன்னொருக்கப் படி" என்றார் தவசி. அவள் படித்தாள்.

"குறையச் சொல்லிட்டா அப்பறம் நான் எதுக்கு? குறைய மறைச்சுப் பேசத்தான தரகு தர்றான்?"

ரெங்கம்மாள் புத்தகத்தை மூடி வைத்தாள். அவர் மறுபடி படுத்துக்கொண்டார். ஆனால் அன்று மத்தியானம் முழுக்க அவருக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷத்தில் கைமாற்றிவிட்ட மாடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இரைக்கிற மாடு, ஏரில் படுத்துக்கொள்கிற மாடு, பல்லை ராவி வயசைக் குறைத்த மாடு. வாங்கிப் போனவர்களின் முகங்கள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

ஆவணி பிறந்து முதல் சந்தைக்கு அவருடைய அக்காள் ஒச்சாயியின் புருஷன் கருத்தக்கண்ணன் ஒரு காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். மேற்கே மலையடிவாரத்துக் கிராமம் அவருக்கு. வெள்ளைக்காளை, திமில் நிமிர்ந்து, கொம்பு ஒரே அளவாக, பார்க்கிறவர்கள் ஒருதரம் நின்று பார்க்கிற மாடு. ஏர் மாட்டை ஏன் விற்கிறார் என்று தவசி கேட்டதற்கு, "கிணறு தோண்டணும் மாப்ள" என்று மட்டும் சொன்னார். அவர் மகன் விருமாண்டிக்குச் செல்லத்தாயைக் கொடுப்பது என்பது, பிள்ளைகள் தவழ்கிற காலத்திலேயே இரண்டு வீட்டிலும் முடிவான பேச்சு. தை மாதம் நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் காளைக்கு மாலைக்கண். பகலில் ஒரு குறையும் கிடையாது. பொழுது சாய்ந்தால் எதிரே நிற்கிற கல்தூண் அதற்குத் தெரியாது. போன கோடையில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தி நேரத்தில் அது தொழுவத்து வாசலை விட்டுவிட்டுச் சுவரில் முட்டியதைத் தவசியே பார்த்திருந்தார்.

"நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் கருத்தக்கண்ணன்.

"சரி மச்சான்" என்றார் தவசி. யோசிக்காமல் வந்த பதில்தான் அது.

பத்து மணி வெயிலுக்கு மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். பெயர் சின்னக்கருப்பன். சின்ன வயதில் பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்து, பிறகு கல்லுடைத்து, இப்போதுதான் சொந்தமாக ஒரு வண்டி செய்திருந்தார். ஒரு மாடு இருக்கிறது, அதற்கு ஜோடி தேடி மூன்று சந்தை அலைந்துவிட்டார். கூடவே அவர் மனைவி மலையம்மாள், இடுப்பில் கைப்பிள்ளையோடு. வெள்ளைக்காளையைப் பார்த்ததும் இரண்டு பேர் கண்ணும் அதைவிட்டு நகரவில்லை.

பல் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டார்கள். தவசி துண்டை விரித்தார். உள்ளே விரல்கள் பேசின. சின்னக்கருப்பன் ஏறி ஏறி வந்து, கருத்தக்கண்ணன் நினைத்ததற்கு மேலேயே ஒரு விரல் சேர்த்துப் பிடித்தார். இனிக் கையை உதறிவிட்டுக் கயிற்றை மாற்ற வேண்டியதுதான்.

பழக்கமாகிவிட்ட புதுப் புத்தியில் தவசி சும்மா கேட்டார்: "வண்டி எந்தப் பாதையில ஓடுது?"

"மேலூர்லருந்து மதுரைக்குக் கல்லுப் பாரம்ங்கய்யா. பகல் வெயில்ல பாரம் இழுத்தா மாடு தாங்காது. பொழுது சாயப் பூட்டினா விடியக் கொண்டு போயிச் சேத்துருவேன். ரெண்டு கண்மாய்க்கரை ஏறி இறங்கணும். ஒத்தை வண்டித்தடமா கரை மேலயே போகும் பாதை. அதான் நல்ல மாடாத் தேடுறோம். இவளும் புள்ளையும் கூடத்தான் வருவாக."

துண்டுக்குள் தவசியின் கை நின்றுபோயிற்று. ஒருபக்கம் ஆழமான தண்ணீர், ஒருபக்கம் பள்ளம், நடுவில் கண் தெரியாத மாடு, பின்னால் கல் பாரத்தின் மேல் இந்தக் கைப்பிள்ளை. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மெதுவாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

தவசி துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த மாடு உங்களுக்கு வேணாம்ப்பா. இதுக்கு மாலைக்கண்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்ற பத்துப் பேருக்குக் கேட்டுவிட்டது. மருது என்கிற தரகர் அங்கிருந்தே, "ஏ, பாருங்கப்பா! தவசியண்ணே மாட்டுக்கு ஜாதகம் வாசிக்கிறாரு!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது.

கருத்தக்கண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "எங்க வீட்டுல சோத்தத் தின்னுட்டு என்னையச் சந்தையில அம்மணமா நிறுத்திட்டில்ல?"

"மச்சான், பகல்ல மட்டும் ஏர் பூட்டுற சம்சாரி யாராச்சும் வந்தா..."

"பேசாத. இனி உன் வாசலுக்கு நானும் வரமாட்டேன், எம் மகனும் வரமாட்டான். உம் மகளுக்கு வேற எடம் பாத்துக்க." காளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சின்னக்கருப்பன் தவசியைக் கும்பிட்டார். மலையம்மாள் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு மூன்று சந்தை. தவசியைத் தேடி வாங்குகிறவர்கள் வந்தார்கள், முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். விற்கிறவர்கள் யாரும் தங்கள் மாட்டை அவர் பக்கம் ஓட்டவில்லை. புளியமரத்தடியில் மத்தியானம் வரை நின்றுவிட்டு, கம்பங்கூழ்க்காரியிடம் ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார். வீட்டில் செல்லத்தாய் முன்போலவே வேலை செய்தாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. ரெங்கம்மாள் புத்தகத்தைக் குதிருக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டாள்.

"நான் படிச்சிருக்கக் கூடாது" என்றாள் ஒருநாள் காலையில், அடுப்பை ஊதிக்கொண்டே.

"புத்தகத்து மேல தப்பில்ல. எழுதுனவரு கடைக்காரரு. சரக்கு அவரோடது, குறையும் அவரோடது. சொன்னா அவருக்குப் பெருமை. எனக்கு ஏது சரக்கு? அடுத்தவன் மாட்டுக் குறைய நான் சொன்னா அவன் எப்பிடி என்கிட்ட வருவான்?" என்றார் தவசி.

"அப்ப அன்னைக்குச் சொன்னது தப்புங்கிறியா?"

"தப்பில்ல. அதச் சொல்லாம இருந்திருந்தா நான் இன்னைக்குச் சோறு தின்னுருக்க மாட்டேன்."

ரெங்கம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "வாங்க வந்தவருக்குக் குறையச் சொன்ன, சரி. விக்க வந்தவருக்கு ஒரு வழி சொன்னியா? மாலைக்கண் மாட்ட என்ன செய்வாரு அந்த மனுசன்? அடுப்புல வைப்பாரா?"

அன்றைக்கெல்லாம் அந்தக் கேள்வி தவசி கூடவே நடந்தது.

நாலாவது சந்தைக்குச் சின்னக்கருப்பன் மறுபடி வந்தார். "மாடு வாங்குனா உங்க கையால வாங்கணும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கிறாய்யா" என்றார். மலையம்மாள் பின்னால் நின்று சிரித்தாள். விற்க மாடு இல்லாத தரகர், மருதுவிடமிருந்த ஒரு கறுப்பு மாட்டை அவர்களுக்குப் பார்த்துக் கொடுத்தார். சுற்றிச் சுற்றி வந்து, நடக்கவிட்டு, கண்ணுக்கு நேரே விரலை ஆட்டி, குற்றமில்லை என்று சொன்ன பிறகுதான் அவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். தரகு மருதுவுக்கே போனது.

புறப்படும்போது பேச்சுவாக்கில் சின்னக்கருப்பன் சொன்னார்: "ஜோடி சேந்துருச்சு, போற வழியில வில்லாபுரத்துல செட்டியார் செக்குக்கு எள்ளு மூட்டை ஏத்துற வாடகை பேசணும்யா. அவரும் செக்குமாடு ஒண்ணு செத்துப்போச்சுன்னு தவிச்சுக்கிட்டிருக்காரு."

தவசி கிளம்பிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தார். "செக்கு எந்நேரம் ஓடும்?"

"விடியத் தொடங்கி விளக்கு வைக்கிறதுக்குள்ள நிறுத்திருவாரு."

மறுநாளே தவசி வில்லாபுரத்தில் இருந்தார். எண்ணெய் வாடை அடிக்கிற கொட்டகையில், தோளில் புண்ணாக்குத் தூளோடு செட்டியார் நின்றிருந்தார். தவசி அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "ஒரு வெள்ளைக்காளை இருக்கு. நல்லாப் பாடுபடும். ஆனா மொதல்லயே சொல்லிப்புடுறேன், அதுக்கு மாலைக்கண்" என்றார்.

செட்டியார் ஓடிக்கொண்டிருந்த செக்கைக் காட்டினார். சுற்றி வந்துகொண்டிருந்த மாட்டின் கண்கள் இரண்டிலும் துணி கட்டியிருந்தது. "தலை சுத்தாம இருக்க நானே கண்ணக் கட்டித்தான ஓட்டுறேன்? மாலையில தெரிஞ்சா என்ன, தெரியாட்டி எனக்கென்ன? ஓட்டிட்டு வாங்க, பாப்போம்."

அங்கிருந்து தவசி நேரே அக்காள் வீட்டுக்குப் போனார். கருத்தக்கண்ணன் அவரைப் பார்த்ததும் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒச்சாயி தண்ணீர் கொடுத்தாள். தவசி கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி அக்காளிடம் செட்டியார் சொன்னதை எல்லாம் சொன்னார். கட்டில் அசையாததைப் பார்த்து ஒச்சாயியே தொழுவத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து வந்தாள்.

"ஓட்டிட்டுப் போ தம்பி. அவுக வேணாம்னா எந்திரிச்சுத் தடுக்கட்டும்."

அவர் எழுந்திருக்கவில்லை. செட்டியார் காளையை இரண்டு நாள் பூட்டிப் பார்த்துவிட்டு, சின்னக்கருப்பன் துண்டுக்குள் பிடித்த அதே விலைக்கு எடுத்துக்கொண்டார்.

புரட்டாசியில் மழை இறங்கியது. மேற்கு மலை இரண்டு நாள் கண்ணுக்கே தெரியவில்லை. மானாவாரிக் காட்டில் எல்லோரும் விதைப்புக்கு ஓடினார்கள். அந்த ஈரத்தில் ஒருநாள் காலையில் கருத்தக்கண்ணனும் ஒச்சாயியும் முழங்கால் வரை செம்மண்ணோடு தவசி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"உள்ள வாங்கண்ணே, வாங்க மதினி" என்று ரெங்கம்மாள் பாயை விரித்தாள்.

கருத்தக்கண்ணன் உட்காரவில்லை. "மாப்ள, ஒரு சங்கதி. அதச் சொல்லிட்டு உக்காரேன். சொன்னப்பறம் நீ போகச் சொன்னாலும் சொல்லலாம்."

"சொல்லுங்க மச்சான்."

"கிணறு தோண்ட மாட்ட விக்கலை. ஏர் பிடிக்க ஆளில்லை, அதான் வித்தேன். விருமாண்டி நாலு மாசமா மதுரையில பஞ்சு மில்லுல இருக்கான். நெரந்தர வேலைகூட இல்ல. யாராச்சும் வராத அன்னைக்குப் பதிலாளா உள்ள விடுவாங்களாம். 'காட்டு வேலை எனக்கு ஆகாது'ன்னு சொல்லிட்டான். உங்ககிட்டச் சொன்னா, மண்ணு பாக்குற மாப்பிள்ளைன்னு தான பொண்ணு தர்றாக, மாட்டேன்னுருவாகன்னு மறைச்சு வச்சேன்."

கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே மேலே சொன்னார்.

"அன்னைக்கு நீ நாலு பேரு முன்னால மாட்டுக் குறையச் சொன்னியா... அடுத்து எம் மகன் சங்கதியையும் போட்டு உடைச்சிருவன்னு எனக்குள்ள ஒரு பயம் வந்திருச்சு. உனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சாக்கும்னு நெனச்சேன். அதுதான் அம்புட்டு வார்த்தை விட்டேன். உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உங்க அக்கா சொன்னப்பறந்தான் தெரியும்."

தவசிக்குக் கோபம் வந்தது. மகளை ஒரு பொய்யின் மேல் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்களே என்று வந்த கோபம். அதே நேரத்தில், தான் விற்ற அத்தனை மாடுகளும் வரிசையாக வந்து பின்னால் நின்றன. அவர் ரெங்கம்மாளைப் பார்த்தார். அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். மில் வேலை என்றால் ஒற்றை அறை, பஞ்சுத்தூசி, இன்றைக்கு உண்டு நாளைக்கு இல்லை என்கிற கூலி. அதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுப்படியிலிருந்து செல்லத்தாய் வெளியே வந்தாள். இரண்டு மாதமாக அடைத்துக் கிடந்த குரல்.

"மாடு வாய் பேசாது மாமா. அதுக்காக நீங்களும் அப்பாவும் பேசுனீக. உங்க மகன் பேசுவாருல்ல? அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

"ஏ பிள்ளை..." என்றாள் ரெங்கம்மாள்.

"விடு ரெங்கம்மா" என்றாள் ஒச்சாயி. "அவ கேக்குறது சரிதான்."

கருத்தக்கண்ணன் மருமகளாக வரப்போகிறவளா வராமல் போகப்போகிறவளா என்று தெரியாத அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வரச் சொல்றேன் தாயி" என்று பாயில் உட்கார்ந்தார்.

மில் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை விருமாண்டி வந்தான். மெலிந்திருந்தான். காது மடலில் பஞ்சு ஒட்டியிருந்தது அவனுக்கே தெரியவில்லை. தவசி அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே, அடுப்படி வாசலில் நின்ற செல்லத்தாயைப் பாராமல், முற்றத்து ஈர மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"வாரத்துல நாலு நாள்தான் வேலை கிடைக்குது. சில வாரம் ரெண்டு நாள். அஞ்சு பேரு சேந்து ஒரு அறையில இருக்கோம். கல்யாணம்னா வேற அறை பாக்கணும், இன்னும் பாக்கல. பஞ்சுத்தூசியில இருமல் வருது. நெரந்தரம் ஆகும்னு மேஸ்திரி சொல்றாரு, ஆகாமலும் போகலாம். ஆனா எனக்கு அந்த மிஷினு பிடிச்சிருக்கு. நூலு அத்துப்போச்சுன்னா நான் இணைக்கிற வேகத்துக்கு அங்க ஆளில்ல. காட்டுக்குத் திரும்பி வரமாட்டேன். பிந்திப் போயி அதச் சொல்றதுக்கு இப்பவே சொல்லிர்றேன்."

நிறுத்தினான். யோசித்தான். "சம்பளத்துல பாதிய அப்பாவுக்கு அனுப்பணும். அதையும் சொல்லணும்ல."

தொழுவத்தில் ஆடு ஒன்று செருமியது.

"அம்புட்டுத்தானா?" என்று செல்லத்தாய் கேட்டாள்.

"அம்புட்டுத்தான்."

"சரி. கைகால் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.